ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள் குலுங்காதா? ஹார்டுடெயிலின் பின்பக்கம் சொல்லும் கணக்கு

"ஸ்டீல்னா லேசா ஸ்பிரிங் மாதிரி இருக்கும், குலுங்காது. அலுமினியம்னா கல்லு மாதிரி."

மவுன்டன் பைக் வாங்கக் கிளம்பும் யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. கடையில் சொல்வார்கள், யூடியூப்பில் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை ரைடு போகும் ஆபீஸ் நண்பர் சொல்வார். அதை நம்பி பட்ஜெட்டை ஏற்றி, நல்ல ஸ்டீல் ஹார்டுடெயில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வரும் சந்தேகம் இதுதான்: "அப்புறம் ஏன் இடுப்பு வலிக்குது?"

புதுச்சேரி மாதிரி ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. நெல்லித்தோப்பு சிக்னலில் இருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், ராஜீவ் காந்தி சதுக்கம், கோரிமேடு தாண்டி, இடையஞ்சாவடி பக்கம் திரும்பி ஆரோவில் செம்மண் பாதைக்குப் போய்விடலாம். மொத்தம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் தார் ரோடு, வேகத்தடை, தோண்டி மூடிய பள்ளம், மழையில் அரித்த செம்மண், மர வேர் என்று எல்லாம் வந்துவிடும். ஒரே சைக்கிள் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். ஓட்டுபவரின் முதுகும்தான்.

ஸ்டீல் ஃபிரேமின் பின்பக்கம் உண்மையில் எவ்வளவு வளைகிறது? குலுக்கல் குறைய எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும்? பார்ப்போம்.

ஹார்டுடெயில்னா என்ன?

முன்பக்கம் சஸ்பென்ஷன் ஃபோர்க், பின்பக்கம் ஒன்றும் கிடையாது. இதுதான் ஹார்டுடெயில். பின்சக்கரம் நேரடியாக ஃபிரேமில் பூட்டப்பட்டிருக்கும். ரோட்டில் ஏற்படும் அடி டயர், ரிம், ஸ்போக்ஸ் கம்பி, ஃபிரேம், சீட் போஸ்ட், சீட் என்று வரிசையாக ஏறி முதுகுக்கு வந்து சேரும்.

மவுன்டன் பைக் பிறந்ததே ஸ்டீலில்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுன்டி மலைச்சரிவுகளில் பழைய சைக்கிள்களை வைத்து இளைஞர்கள் இறங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1977ல் ஜோ பிரீஸ் என்பவர் அந்த ஓட்டத்துக்கென்றே புதிதாக ஒரு ஃபிரேமைச் செய்தார். அது குரோமோலி எனப்படும் ஸ்டீல் கலவைக் குழாய்களால் ஆனது. பின்னால் அலுமினியமும் கார்பனும் வந்தாலும், 'ஸ்டீல் ஹார்டுடெயில்' என்ற வகைக்கு இன்றும் தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது.

நம்மூர்க் கதையும் ஸ்டீல் கதைதான். 1949ல் சென்னையில் முருகப்பா குழுமம், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் இருந்து வந்த ஹெர்குலஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அதே பிரிட்டிஷ் குழுமத்திடம்தான் உலகப் புகழ்பெற்ற ரெனால்ட்ஸ் சைக்கிள் குழாய் நிறுவனமும் அப்போது இருந்தது.

முக்கோணம் வளையாது, ஏன்?

சைக்கிளைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பெடல் சுற்றும் இடத்தில் இருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய் செயின்ஸ்டே. சீட்டுக்குக் கீழிருந்து அதே அச்சுக்கு இறங்கும் மெல்லிய குழாய் சீட்ஸ்டே. நடுவில் சீட் டியூப். மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம்.

பாலம், மின்கோபுரம், கல்யாண மண்டபத்தின் தகரக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் என எல்லாவற்றிலும் முக்கோணம் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான். நான்கு கம்பிகளை இணைத்துச் சதுரம் செய்தால் அது சாய்ந்துவிடும். மூன்றை இணைத்தால் சாயாது. உருவம் மாற வேண்டுமென்றால் கம்பியின் நீளமே குறைய வேண்டும் அல்லது கூட வேண்டும்.

ஒரு குழாயை வளைப்பது சுலபம். நீளவாட்டில் நசுக்குவதோ ரொம்பக் கஷ்டம். ஒரு எளிய கணக்கு போடலாம்.

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 84 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 50 கிலோ பின்சக்கரத்தில் இறங்கும். சீட்ஸ்டே குழாயின் விட்டம் 16 மில்லிமீட்டர், தகட்டுத் தடிமன் 1 மில்லிமீட்டர், நீளம் 45 சென்டிமீட்டர். இந்தச் சுமையில் அந்தக் குழாய் எவ்வளவு சுருங்கும்? ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்று அல்லது இரண்டு பங்கு.

பள்ளத்தில் விழுந்து சுமை மூன்று மடங்கானாலும், சுருக்கம் ஒரு தலைமுடியின் தடிமனைத் தொடுவதே கஷ்டம். குழாயில் அங்கங்கே வளைவு இருந்தால் கொஞ்சம் கூடும். அப்போதும் ஒரு மில்லிமீட்டரின் சின்னப் பகுதிதான்.

இப்போது டயரைப் பாருங்கள். அதே 50 கிலோ சுமையில் மவுன்டன் பைக் டயர் சில மில்லிமீட்டர் அமுங்கும். அதாவது மேல்-கீழ் அசைவில் டயர் செய்யும் வேலையில் நூறில் ஒரு பங்கைக்கூட பின் முக்கோணம் செய்வதில்லை. அது ஸ்டீலா, அலுமினியமா என்பது இந்தக் கணக்கை மாற்றப்போவதும் இல்லை.

ஸ்டீல், அலுமினியம்: எது அதிக விறைப்பு?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். உலோகமாக மட்டும் எடுத்துக்கொண்டால், ஸ்டீல்தான் அதிக விறைப்பு. பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த யங் குணகம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டீலுக்கு அது சுமார் 200 கிகா பாஸ்கல். அலுமினியத்துக்கு சுமார் 69. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

அப்போ அலுமினிய ஃபிரேம் எப்படி 'கல்லு மாதிரி' ஆகிறது? காரணம் குழாயின் அளவு. மெல்லிய தகட்டுக் குழாய் ஒன்றின் வளைவு விறைப்பு, அதன் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு.

உதாரணத்துக்கு, 35 மில்லிமீட்டர் விட்டம், 0.8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு ஸ்டீல் குழாயையும், 50 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஓர் அலுமினியக் குழாயையும் ஒப்பிடுவோம். அலுமினியக் குழாய் எடையில் கொஞ்சம் குறைவு. விறைப்பிலோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

சரி, ஸ்டீல் குழாயையும் அதே மாதிரி பெரிதாக்கினால் என்ன? எடை ஏறும். எடை ஏறாமல் இருக்கத் தகட்டை மெலிதாக்கினால், குளிர்பான டின் மாதிரி ஒரு கல் பட்டாலே ஒடுங்கிவிடும். அதனால்தான் ஸ்டீல் ஃபிரேம் ஒல்லியாகவும், அலுமினிய ஃபிரேம் தடியாகவும் இருக்கிறது.

அலுமினியத்தைத் தடியாகச் செய்ய இன்னொரு காரணமும் உண்டு. ஒரு அளவுக்குக் கீழே உள்ள அழுத்தத்தை ஸ்டீல் எத்தனை முறை வேண்டுமானாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு எல்லை கிடையாது. சின்னச் சின்ன அழுத்தமும் லட்சக்கணக்கில் சேர்ந்தால் ஒருநாள் விரிசல் விடலாம். அதைத் தவிர்க்க, அலுமினிய ஃபிரேம் அதிகம் வளையாதபடியே வடிவமைக்கப்படுகிறது.

குரோமோலி வாங்கினால் சொகுசு கூடுமா?

விலை குறைந்த மவுன்டன் பைக்குகளில் இருப்பது 'ஹை-டென்' எனப்படும் சாதாரண ஸ்டீல். விலை கூடியவற்றில் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி. 4130 என்று ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள்.

இரண்டுக்கும் யங் குணகம் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரே அளவுக் குழாய் என்றால், 4130 ஸ்டிக்கர் ஒட்டியதும் ஒட்டாததும் ஒரே அளவுக்குத்தான் வளையும்.

குரோமோலியின் லாபம் வலிமையில் இருக்கிறது. வலிமை கூடுதலாக இருப்பதால் தகட்டை மெலிதாக்கலாம். வெல்டிங் வரும் இரு முனைகளில் 0.9 மில்லிமீட்டர், நடுவில் 0.6 மில்லிமீட்டர் என்று இழைக்கலாம். இதற்கு 'பட்டட்' குழாய் என்று பெயர். எடை குறையும், நடுப்பகுதி கொஞ்சம் கூடுதலாக வளையும்.

1990களில் அமெரிக்காவின் 'பைசைக்கிள் கைடு' பத்திரிகைக்காக ஆலன் கோட் ஒரு சோதனை செய்தார். இத்தாலியக் கலைஞர் அன்டோனியோ மொண்டோனிக்கோ, மலிவானது முதல் விலை உயர்ந்தது வரை வெவ்வேறு ஸ்டீல் குழாய்களில், ஒரே அளவில் ஏழு ஃபிரேம்களைச் செய்து கொடுத்தார். எது எந்தக் குழாய் என்று தெரியாமல் ஓட்டியபோது, அவற்றைப் பிரித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கே முடியாத காரியமாக இருந்தது. அவை ரோடு பைக்குகள்தான். ஆனால் பாடம் ஹார்டுடெயிலுக்கும் பொருந்தும்.

'ஸ்டீல் அதிர்வை உறிஞ்சிடும்': இது உண்மையா?

வீணையின் மெல்லிய தந்திகள் ஸ்டீலால் ஆனவை. ஒருமுறை மீட்டினால் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது! பள்ளி லேபில் பார்த்த இசைக்கவையும் அப்படித்தான். அதிர்வை உறிஞ்சும் பொருள் என்றால் தட்டியதும் 'டொக்' என்று அடங்க வேண்டும். ஸ்டீல் அதற்கு நேர் எதிர். அதிர்வை அது வாங்கி அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

சைக்கிளில் அதிர்வை உண்மையாகவே தின்பவை ரப்பர், காற்று, சீட்டின் ஃபோம், கைப்பிடி, மனிதத் தசை. உட்கார்ந்திருக்கும் உடலை மேல்-கீழ் அதிர்வுகளில் அதிகம் பாதிப்பது நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் மெதுவான குலுக்கல். அதை அடக்க சில மில்லிமீட்டர்களாவது அமுங்கும் ஒரு பாகம் வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அசையும் முக்கோணத்தால் அது முடியாது.

அப்போ அந்த 'ஸ்பிரிங்' உணர்வு பொய்யா?

பொய் இல்லை. அது வரும் திசைதான் வேறு.

முக்கோணத்தின் பலம் மேல்-கீழ் திசையில். பக்கவாட்டில் அதற்கு அந்தப் பலம் கிடையாது. பின்சக்கர அச்சை இடது வலமாகத் தள்ளினால், செயின்ஸ்டேயும் சீட்ஸ்டேயும் நீளமான மெல்லிய கொம்புகள் மாதிரி வளையும். எழுந்து நின்று பெடலை மிதிக்கும்போதும், வளைவில் சாய்க்கும்போதும் ஃபிரேம் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. ஒல்லியான ஸ்டீல் குழாயில் இந்த அசைவு கைக்கும் காலுக்கும் தெரியும் அளவுக்கு இருக்கும். 'உயிரோட இருக்கிற மாதிரி ஒரு ஃபீல்' என்று ரசிகர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கரடுமுரடான பாதையில் சாய்ந்து போகும்போது, சக்கரம் ஒரு வேரில் பக்கவாட்டில் மோதினால் ஃபிரேம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சக்கரம் எகிறித் தள்ளாமல் வழியைப் பிடித்துக்கொள்ளும். இது நிஜமான நன்மை. ஆனால் வேகத்தடையில் முதுகில் விழும் அடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த அசைவு அளவு மீறினால் தொல்லை. கனமான ஆள் மிதித்தால் பின்சக்கரம் செயின் வரிசையில் இருந்து விலகும், கியர் தானாகத் தாவும், வேகமான வளைவில் பின்பக்கம் ஒரு கணம் தாமதமாக வரும். முன்னால் தடித்த ஃபோர்க், பின்னால் நூல் மாதிரி ஸ்டே என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒத்துப்போகாது.

இதற்காகத்தான் இப்போதைய ஹார்டுடெயில்களில் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள 'த்ரூ ஆக்ஸில்' வருகிறது. பழைய குவிக் ரிலீஸ் மாதிரி ஃபிரேமின் பிளவில் உட்காராமல், இரு பக்கமும் துளைக்குள் நுழைந்து இறுகுவதால் பின்பக்கம் பக்கவாட்டில் கெட்டியாகிறது. டிஸ்க் பிரேக்கின் விசை இடது பக்கக் குழாயில் மட்டும் விழுவதால், அந்தப் பக்கத்தைக் கூடுதலாகப் பலப்படுத்தவும் வேண்டியிருக்கிறது.

பாதுகாப்புச் சோதனைகளும் ஒரு காரணம். ஐரோப்பாவில் 2005ல் வந்த இஎன் 14766, பின்னர் 2014ல் வந்த ஐஎஸ்ஓ 4210 ஆகிய தரநிலைகளின்படி, மவுன்டன் பைக் ஃபிரேமின் பெடல்கள் மீது 1,200 நியூட்டன் விசையை 1,00,000 முறை கொடுத்துப் பார்க்க வேண்டும். விரிசல் விடக் கூடாது. லேசான ஃபிரேம் செய்த தயாரிப்பாளர்கள் சிலர் குழாயைக் கொஞ்சம் தடிமனாக்கியதற்கு இதுவும் காரணம்.

தாத்தாவின் ஹெர்குலஸ் மட்டும் ஏன் சொகுசா இருந்தது?

நல்ல கேள்வி. அந்தக் கறுப்பு சைக்கிளும் ஸ்டீல்தானே?

அதன் பின் முக்கோணமும் வளையவில்லை. ஆனால் சீட்டுக்கு அடியில் இரண்டு பெரிய சுருள் ஸ்பிரிங் இருந்தது. சீட் டியூப் நன்றாகச் சாய்ந்திருந்தது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி அதிகம். சக்கரமும் பெரியது. நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாகப் போனார்கள். சொகுசு வந்தது அங்கிருந்துதான். குழாய்க்குப் பெயர் போய்விட்டது!

சரி, குலுக்கலைக் குறைப்பது எது?

1. டயர். இதுதான் முதலிடம், இரண்டாமிடம் எல்லாம். பின்சக்கரத்தில் 50 கிலோ சுமை, டயரில் 60 பிஎஸ்ஐ காற்று என்றால், தரையைத் தொடும் பரப்பு சுமார் 12 சதுர சென்டிமீட்டர். 30 பிஎஸ்ஐ ஆக்கினால் சுமார் 24. டயர் கூடுதலாக அமுங்கும், கல்லை விழுங்கும், பிடிமானமும் கூடும்.

கடைக்காரர் பாசத்தோடு 'ஃபுல்லா' அடித்துவிடும் காற்றுதான் பல ஹார்டுடெயில்களை மாட்டு வண்டியாக்குகிறது. 2.1 அல்லது 2.25 அங்குல டயர், 70 கிலோ ஆள் என்றால் பின்பக்கம் ரோட்டுக்கு 35 முதல் 40, செம்மண்ணுக்கு 28 முதல் 32 பிஎஸ்ஐ என்று தொடங்கிப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம். ரொம்பக் குறைத்தால் ரிம் டியூபை நசுக்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தால் மூன்று, நான்கு பிஎஸ்ஐ ஏற்றுங்கள்.

இதற்கு கேஜ் உள்ள பம்ப் தேவை. பழைய வால்டியூப் வகை வால்வில் அளவு சரியாகக் காட்டாது. மோட்டார் பைக்கில் இருக்கும் வகை வால்வில் காட்டும்.

2. சீட் போஸ்ட். உட்கார்ந்து ஓட்டும்போது ஃபிரேமை விட இது பல மடங்கு வளைகிறது. 31.6 மில்லிமீட்டர் போஸ்ட்டை விட 27.2 மில்லிமீட்டர் போஸ்ட் மெலிது. தடிமன் ஒன்றாக இருந்தால் 31.6ன் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். ஃபிரேமுக்கு வெளியே நீண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. ஆனால் போஸ்ட்டில் உள்ள குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இழுக்கவே கூடாது. ஃபிரேம் கிழியும், ஆளும் விழுவார்.

3. செயின்ஸ்டே நீளம். பின்சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது பெடல் பகுதி எவ்வளவு உயர்கிறது என்பது, அது அச்சில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரு சக்கர இடைவெளி 1,150 மில்லிமீட்டர், செயின்ஸ்டே 430 என்றால் மேட்டின் உயரத்தில் சுமார் 63 சதவீதம் காலுக்கு வரும். செயின்ஸ்டே 460 என்றால் 60 சதவீதம். சின்ன வித்தியாசம்தான், ஆனால் ஸ்டீலா அலுமினியமா என்பதை விடப் பெரியது.

4. கால்கள். மேடு வரும்போது பிட்டத்தை இரண்டு அங்குலம் தூக்கி, முழங்காலை மடக்கினால் போதும். அதைவிட நல்ல சஸ்பென்ஷன் எந்த விலையிலும் கிடைக்காது. எழுந்து நின்றால் சீட்டும் போஸ்ட்டும் ஆட்டத்திலேயே இல்லை. டயரும் காலும்தான்.

பின்பக்கத்தை வளைய வைத்தவர்கள்

முக்கோணம் வளையாது என்று தெரிந்ததால்தான், சில நிறுவனங்கள் அதை வேண்டுமென்றே உடைத்தன. அமெரிக்காவின் மூட்ஸ் நிறுவனம், ஒய்பிபி என்ற மாடலில் சீட்ஸ்டேயின் நடுவே ஒரு சின்ன ஷாக்கை வைத்தது. பின்சக்கரம் ஓர் அங்குலம் அளவுக்கு மேலே போகும். கீல் எதுவும் இல்லை, செயின்ஸ்டே வளைந்து கொடுக்கும். டிரெக் நிறுவனம் 2012ல் ரோடு பைக்கில் கொண்டுவந்த ஐசோஸ்பீடு அமைப்பில், சீட் டியூப் மற்ற குழாய்களோடு இறுக்கமாக ஒட்டாமல் ஒரு கீலில் அசைகிறது. பிறகு அது ஹார்டுடெயிலுக்கும் வந்தது.

குழாயின் உலோகத்தை மாற்றினாலே பின்பக்கம் மெத்தென்று ஆகிவிடும் என்றால், இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

அதே சமயம், பத்தாயிரம் ரூபாய்க்குள் 'டபுள் சஸ்பென்ஷன்' என்று விற்கும் சைக்கிள்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றின் பின் ஸ்பிரிங்கில் அதிர்வை அடக்கும் அமைப்பு பெரும்பாலும் இருக்காது. மிதிக்கும் சக்தியைத் தின்னும், எடை ஏறும், கீல் சீக்கிரமே ஆட்டம் காணும்.

கடலோர ஊருக்கு ஸ்டீல் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் கவனிக்க வேண்டும். நெல்லித்தோப்பு கடலில் இருந்து சில கிலோமீட்டர்தான். உப்புக் காற்று, வியர்வை, வடகிழக்குப் பருவமழை மூன்றும் ஸ்டீலுக்கு எதிரி. பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கலாம். குரோமோலியிலும் குரோமியம் ஒரு சதவீதம் அளவுக்குத்தான். எவர்சில்வர் மாதிரி அது துருவைத் தடுக்காது.

தண்ணீர் இறங்கித் தங்கும் இடம் பெடல் அச்சு இருக்கும் அடிப்பகுதி. மழைக்காலம் முடிந்ததும் ஓவராயிலுக்கு விடும்போது, சீட் போஸ்ட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். குழாயின் உள்ளே துரு தடுக்கும் எண்ணெயை அடிக்கச் சொல்லுங்கள். போஸ்ட்டில் கிரீஸ் தடவாமல் மாட்டினால், ஸ்டீல் ஃபிரேமும் அலுமினியப் போஸ்ட்டும் உப்பு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு கழற்றவே வராது. கீறல் விழுந்த இடத்தில் உடனே பெயின்ட் தொட்டுவிடுங்கள்.

மெலிந்த சீட்ஸ்டே, செயின்ஸ்டே சந்திக்கும் முனைகளையும் வெல்டிங் ஓரங்களையும் மாதம் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். பெயின்டில் முடி மாதிரி கோடும், அதில் பழுப்புக் கசிவும் தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். ஸ்டீல் பொதுவாக இப்படி முன்னறிவிப்பு கொடுத்துவிட்டே போகும். அனுபவமுள்ளவர் கையில் பித்தளை வைத்துப் பற்றவைத்துச் சரிசெய்யவும் முடியும். மெல்லிய பட்டட் குழாயைச் சாதாரண கேட் வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் மட்டும் ஓட்டை விழும்.

ஸ்டீலை வாங்க நிஜமான காரணங்கள் இவைதான்: நீண்ட ஆயுள், பழுது பார்க்கும் வசதி, கல் பட்டாலும் தாங்கும் குணம், பக்கவாட்டில் அந்த இதமான உயிரோட்டம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

- பின்பக்கம் எவ்வளவு அகல டயர் நுழையும்? 2.25 அல்லது அதற்கு மேல் நுழைந்தால் நல்லது.
- சீட் போஸ்ட் விட்டம் எவ்வளவு? உட்கார்ந்தே அதிக தூரம் போகிறவருக்கு 27.2 உதவும்.
- பின் அச்சு குவிக் ரிலீஸா, த்ரூ ஆக்ஸிலா? கனமான ஆள், கரடான பாதை என்றால் இரண்டாவது.
- '4130' முழு ஃபிரேமுக்குமா, முன் குழாய்களுக்கு மட்டுமா? பின்பக்கம் மட்டும் சாதாரண ஸ்டீல் வைப்பதும் உண்டு. குலுக்கல் மாறாது, எடை மாறும்.
- ஃபிரேமின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா?

ஏற்கெனவே ஒரு ஹார்டுடெயில் வீட்டில் இருந்து, முதுகு வலிதான் பிரச்னை என்றால், புது ஃபிரேமுக்கு இஎம்ஐ போடும் முன் ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். கேஜ் உள்ள பம்ப் வாங்கி, பின் டயரில் தினமும் மூன்று பிஎஸ்ஐ குறைத்து அதே வழியில் ஓட்டுங்கள். சீட்டின் உயரத்தையும் சாய்வையும் தெரிந்தவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். அப்படியும் குலுங்கினால் அடுத்த செலவு அகலமான டயர். அதற்கும் அடுத்தது சீட் போஸ்ட். மூன்றும் செய்த பிறகும் வலி போகவில்லை என்றால் காட்ட வேண்டியது டாக்டரிடம். பட்டியலில் ஃபிரேம் உலோகத்தின் முறை வரும்போது, பெரும்பாலானவர்களுக்கு அதை மாற்றும் தேவையே இருக்காது.